பிரேக் இரைச்சல்

பிரேக் இரைச்சல் என்பது ஓடும் வண்டியை நிறுத்தும்போதோ வேகத்தைக் குறைக்கும்போதோ பிரேக் உறுப்புகளின் உரசலினாலும் அதிர்வினாலும் எழும் வேண்டாத ஒலிகளைக் குறிக்கும். கிறீச்சிடல், உறுமல், அறுக்கும் ஓசை, தட்டொலி எனப் பல வடிவங்களில் இது கேட்கும். தானுந்து உரிமையாளர்கள் பிரேக் பேட்களைத் தாங்களே மாற்றிய பின்னர் இவ்விரைச்சல் அடிக்கடி தோன்றுவதுண்டு. பல வேளைகளில் இதற்குக் காரணம் புதிய பேட் அன்று. அதனைப் பொருத்தும்போது தூய்மை செய்யாமலும் கிரீஸ் இடாமலும் விடப்பட்ட பகுதிகளே ஆகும்.

இரைச்சலின் அளவும் ஆபத்தின் அளவும் ஒன்றல்ல. காதைத் துளைக்கும் கிறீச்சொலி எழுப்பும் பிரேக், வண்டியை முழு வலுவுடன் நிறுத்தக்கூடும். மெல்லிய தட்டொலி ஒன்று, சரியாக இறுக்கப்படாத போல்ட்டின் அறிகுறியாக இருக்கக்கூடும். எனவே ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைவிட, அது எத்தகைய ஒலி, எப்போது எழுகிறது என்பதே பழுதைக் கண்டறிவதில் முதன்மையானது.

பிரேக்கின் அமைப்பு

இன்றைய தானுந்துகளின் முன்சக்கரங்களில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக் பயன்படுகிறது. இந்தியாவில் ஓடும் சிறிய தானுந்துகள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் பொருத்தப்பட்டுள்ளது. டிஸ்க் பிரேக்கில் சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டு டிஸ்க் எனப்படும். அதன் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பேட்கள் உள்ளன. ஒவ்வொரு பேடும் எஃகுத் தகடு ஒன்றின் மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருளால் ஆனது. பேட்களை வட்டின் மேல் அழுத்தும் கவ்வி காலிப்பர் எனப்படும்.

சிறிய தானுந்துகளில் பெரும்பாலும் மிதவைக் காலிப்பரே காணப்படுகிறது. இதில் பிஸ்டன் உட்புறத்தில் மட்டுமே இருக்கும். பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டன் உட்புறப் பேடை வட்டின் மேல் தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் நழுவி, வெளிப்புறப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. இந்தப் பின்கள் தடையின்றி நழுவினால்தான் இரண்டு பேட்களும் சமமாக அழுந்தும். பேட்களின் காதுகள், காலிப்பரைத் தாங்கும் சட்டத்தில் உள்ள பள்ளங்களில் அமர்ந்து முன்பின் நகர்கின்றன. அப்பள்ளங்களில் மெல்லிய எஃகுக் கிளிப்புகள் இருக்கும். பேடின் பின்புறத்தில் ஒட்டப்படும் ஷிம் என்னும் மெல்லிய தகடு, ரப்பரும் எஃகும் அடுக்காகச் சேர்ந்தது. அதிர்வை உறிஞ்சுவதே அதன் பணி.

பிரேக் செய்யும் வேலை, வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதாகும். எடுத்துக்காட்டாக, 1,000 கிலோகிராம் நிறையுள்ள தானுந்து ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது ஏறக்குறைய 139 கிலோஜூல் இயக்க ஆற்றலைக் கொண்டிருக்கும். வேகம் இருமடங்கானால் இவ்வாற்றல் நான்கு மடங்காகும். இதில் மிகமிகச் சிறிய பகுதியே ஒலியாகிறது. கிறீச்சிடும் பிரேக் தன் நிறுத்தும் திறனை இழந்துவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம்.

வரலாறு

இரைச்சல், டிஸ்க் பிரேக்குடன் உடன்பிறந்தது எனலாம். இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902 ஆம் ஆண்டில் தானுந்துக்கான டிஸ்க் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். அவரது அமைப்பில் உலோக வட்டின் மேல் செம்பு உரசியதால், பிரேக் பிடிக்கும்போது கடுமையான கிறீச்சொலி எழுந்தது. பின்னர் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த உராய்வுப் பொருள்கள் வந்தபோது இந்த ஒலி பெரிதும் தணிந்தது. இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர், 1897 இல் ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃபுரூட் ஆவார்.

1953 ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் வென்றது. 1955 இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ், டிஸ்க் பிரேக்கைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்த தானுந்துகளில் முதன்மையானது.

கல்நார்த் தூசு நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்குவதால் அதன் பயன்பாட்டை ஐக்கிய இராச்சியம் 1999 இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005 இலும் தடை செய்தன. கல்நாருக்கு மாற்றாக எஃகு இழை, செம்பு, பீங்கான் இழை, கரிமப் பிசின் முதலியவை சேர்ந்த கலவைகள் பரவின. மழைநீரோடு கலந்து ஓடும் செம்பு, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாவதால், அமெரிக்காவின் கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010 இல் இயற்றிய சட்டங்கள் பேட்களில் அதன் அளவைப் படிப்படியாகக் குறைக்க வகை செய்தன. கலவை மாறும்போதெல்லாம் இரைச்சலின் தன்மையும் மாறுவதால், அதனைத் தணிக்கும் ஆய்வு தொடர்ந்து நடைபெறுகிறது.

ஒலி எழும் விதம்

கரும்பலகையில் சுண்ணக்கட்டியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் அது கிறீச்சிடும். வயலின் வில் நரம்பைப் பற்றிப் பற்றி விடுவதால் இசை பிறக்கிறது. இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: உரசும் பரப்புகள் ஒரு கணம் ஒட்டுகின்றன, மறுகணம் நழுவுகின்றன. பிரேக்கிலும் இத்தகைய ஒட்டி நழுவும் இயக்கம் ஏற்படும். வேகம் குறையக் குறைய உராய்வு கூடும் பொருள்களில் இது எளிதில் தோன்றும் என்று 1938 இல் எச். ஆர். மில்ஸ் விளக்கினார். 1961 இல் ஆர். டி. ஸ்பர், உராய்வு மாறாமல் இருந்தாலும் பேட் சாய்ந்து வட்டில் குத்தி விடுபடும் வடிவியலே அதிர்வைத் தூண்ட முடியும் என்று காட்டினார். வட்டின் இயல்பான அதிர்வும் பேடின் இயல்பான அதிர்வும் அதிர்வெண்ணில் நெருங்கி, உராய்வின் வழியே இணைந்து ஒன்றையொன்று வளர்ப்பதும் கிறீச்சொலிக்குக் காரணம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் தெளிவாக்கின.

இவ்விளக்கங்களிலிருந்து நடைமுறை உண்மை ஒன்று கிடைக்கிறது. அதிர்வு நிலைக்க வேண்டுமானால் பேட் தளர்வாகவோ, சாய்வாகவோ, சமமின்றியோ அழுந்த வேண்டும். அல்லது எழும் அதிர்வை உறிஞ்ச எதுவும் இல்லாதிருக்க வேண்டும். பொருத்தும் வேலையில் நேரும் குறைகள் பலவும் இந்நிலைகளில் ஒன்றையே உண்டாக்குகின்றன. பழைய பேட், பழைய வட்டின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தேய்ந்து படிந்திருக்கும். தட்டையான புதிய பேட் அதே வட்டைச் சில மேடுகளில் மட்டுமே தொடும். மாற்றத்துக்கு முன் இல்லாத ஒலி மாற்றத்துக்குப் பின் கேட்பது இதனாலும்தான்.

ஒலியின் வகைகள்

• கிறீச்சொலி: ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூரிய ஒலி. மெதுவாக மிதிக்கும்போது, வண்டி நிற்கும் தறுவாயில் மிகுதியாகக் கேட்கும். பேடும் வட்டும் அதிர்வதே இதற்குக் காரணம்.

• உறுமல்: சில நூறு ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி. தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளில் பிரேக்கைச் சிறிது தளர்த்தி ஊர்ந்து நகரும்போது கேட்பது பொதுவானது.

• அறுக்கும் ஓசை: இரும்பு இரும்பில் உரசும் கரகரப்பு. உராய்வுப் பொருள் தீர்ந்துபோதல், பேட் தலைகீழாகப் பொருத்தப்படுதல் ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம்.

• சீரான உரசல்: பிரேக்கை மிதிக்காதபோதும் சக்கரம் சுழலும் வேகத்துக்கேற்பக் கேட்கும் மெல்லிய ஒலி. வட்டின் பின்னுள்ள தூசுத் தகடு வளைந்து தொடுவதாலோ, இடையில் சிறு கல் சிக்கியதாலோ வரும். பேட் வட்டைவிட்டு விலகாமல் ஒட்டியிருப்பதாலும் வரலாம்.

• தட்டொலி: மேடுபள்ளத்தில் ஓடும்போதும், முன்னோக்கிச் சென்று பின்னோக்கித் திரும்பும்போதும் கேட்கும். கிளிப் விடுபட்டிருத்தல், போல்ட் தளர்ந்திருத்தல் இதற்குக் காரணமாகலாம்.

• நடுக்கம்: ஒலியைவிட அதிர்வாகவே உணரப்படும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங்கும் மிதியும் துடிக்கும்.

இரவில் மழையில் நின்ற வண்டியின் வட்டில் மெல்லிய துரு படரும். காலையில் முதல் சில முறை மிதிக்கும்போது எழும் கரகரப்பு அத்துரு தேய்ந்ததும் மறையும். இது பழுதன்று.

பேட் மாற்றத்துக்குப் பின் எழும் காரணங்கள்

துருவும் அழுக்கும்: சட்டத்தின் பள்ளங்களில் துரு படிந்திருந்தால் புதிய பேடின் காதுகள் இறுகிக்கொள்ளும். பிரேக்கை விட்ட பின்னும் பேட் பின்வாங்காது. பேடைச் சுத்தியலால் தட்டி உள்ளே செலுத்த வேண்டியிருந்தால், பள்ளம் தூய்மையாக இல்லை என்பது பொருள்.

உலர்ந்த பின்கள்: காலிப்பர் பின் இறுகினால் உட்புறப் பேட் மட்டுமே வேலை செய்யும். கழற்றிய பழைய பேட்களில் ஒன்று மற்றொன்றைவிட மிகுதியாகத் தேய்ந்திருந்தாலும், ஒரே பேட் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தாலும் இக்குறையை ஐயுற வேண்டும். எனவே பழைய பேட்களை எறியுமுன் பார்ப்பது நல்லது.

ஷிம்மும் கிளிப்பும்: புதிய பேடுடன் ஷிம் வராத நிலையில் பழையதை மாற்றிப் பொருத்த மறந்தால், அதிர்வை உறிஞ்ச எதுவும் இராது. வலுவிழந்த பழைய கிளிப்புகளும் பேடை ஆட விடும்.

தேய்மானம் காட்டும் தகடு: சில பேட்களில் சிறிய எஃகு நாக்கு ஒன்று இருக்கும். உராய்வுப் பொருள் ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. அளவுக்குக் குறைந்ததும் அது வட்டைத் தொட்டுக் கிறீச்சிட்டு எச்சரிக்கும். பேட் இடம் மாறிப் பொருத்தப்பட்டாலோ நாக்கு வளைந்திருந்தாலோ, புதிய பேடிலேயே அது உரசும்.

எண்ணெய்ப் படலம்: புதிய வட்டுகள் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய் பூசி விற்கப்படுகின்றன. அதைத் துடைக்காமல் ஓட்டினால் எண்ணெய் பேடில் ஊறும். இது இரைச்சலோடு நில்லாமல் பிடிப்பையும் குறைக்கும்.

பழக்கப்படாத பேட்: உராய்வுப் பொருளின் மெல்லிய படலம் ஒன்று வட்டின் மேல் சீராகப் படிந்த பின்னரே பிரேக் முழுத் திறனை அடையும். அதற்கு முன் கடுமையாகச் சூடேறினால் பேடின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து இறுகும். இத்தகைய பேட் கிறீச்சிடும்.

தேய்ந்த வட்டு: வட்டின் ஓரத்தில் வரம்பு எழும்பியிருந்தால் புதிய பேடின் விளிம்பு அதில் இடிக்கும். வட்டின் தடிமன், அதன் மேல் பொறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருந்தால் வட்டையும் மாற்ற வேண்டும்.

ஹப்பில் துரு: வட்டும் ஹப்பும் பொருந்தும் முகத்தில் துருத் துகள் சிக்கினால் வட்டு சாய்ந்து சுழலும். இச்சாய்வு பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரையே ஏற்கத்தக்கது. வீல் நட்டுகளைச் சமமின்றி இறுக்குவதும் வட்டை நெளியச் செய்யும்.

டிரம் பிரேக்கில் ஷூக்கள் பின்தகட்டைத் தொடும் இடங்கள் உலர்ந்திருத்தல், டிரம்மினுள் தூசு சேர்தல், சுருள்வில் தவறான துளையில் மாட்டப்படுதல் ஆகியவை இரைச்சலுக்குப் பொதுவான காரணங்கள்.

கண்டறியும் முறை

சக்கரத்தைக் கழற்றுமுன் பின்வரும் வினாக்களுக்கு விடை காண்பது தேடலைச் சுருக்கும்.

1. மிதிக்கும்போது மட்டும் ஒலிக்கிறதா, எப்போதும் ஒலிக்கிறதா? எப்போதும் ஒலித்து, மிதித்ததும் நின்றால் பேட் தளர்ந்து ஆடுகிறது எனக் கருதலாம்.
2. எந்தச் சக்கரத்தில் கேட்கிறது? மதில் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கி மெதுவாக ஓட்டினால் எந்தப் பக்கம் என்பது தெரியும்.
3. குளிர்ந்த நிலையில் மட்டுமா, சூடேறிய பின்னுமா? காலையில் கேட்டு விரைவில் மறைந்தால் துருவோ ஈரமோ காரணம்.
4. பின்னோக்கிச் செல்லும்போது மாறுகிறதா? மாறினால் பேட் பள்ளத்தில் அசைகிறது, அல்லது திசை மாற்றிப் பொருத்தப்பட்டுள்ளது.
5. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? சிறிது தொலைவு ஓட்டிய பின் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சூடேறுகிறதா? ஆமெனில் அச்சக்கரத்தின் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கலாம். வட்டைக் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது; தீக்காயம் ஏற்படும்.

திருத்தும் முறை

பெரும்பாலான கிறீச்சொலிகள், பேட்களைக் கழற்றி முறையாக மீண்டும் பொருத்துவதாலேயே நீங்கிவிடும். பள்ளங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, புதிய கிளிப்புகளை இட வேண்டும். பின்களைத் துடைத்து, ரப்பரைப் பாதிக்காத சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். பொதுவான பெட்ரோலியக் கிரீஸ், பிரேக்கின் ரப்பர் உறைகளை உப்பச் செய்வதால் அது ஏற்றதன்று. பேடின் காதுகளிலும், பிஸ்டன் தொடும் பின்புறத்திலும், உயர்வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸைச் சிறிதளவே இட வேண்டும். ஒட்டப்பட்ட ஷிம் கொண்ட பேட்களில் பின்புறத்துக்குக் கிரீஸ் வேண்டுமா என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்க்க வேண்டும். உரசும் முகத்தில் ஒரு துளி கிரீஸும் படக்கூடாது. எண்ணெய் ஊறிய பேடைத் துடைத்துப் பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று. அதை மாற்றுவதே முறை.

மேலோட்டமாகப் பளபளத்த பேடை உப்புத்தாளில் மெல்லத் தேய்த்துச் சீராக்கலாம். அப்போது முகமூடி அணிந்து, பேடை ஈரமாக்கிக் கொள்ள வேண்டும். தூசுத் தகடு உரசினால் அதைக் கையால் சற்றே வளைத்து விலக்கலாம். வீல் நட்டுகளை ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக, கையேட்டில் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும்.

பேடைப் பழக்குதல்

புதிய பேடைப் பழக்குவதற்கு, போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைத்து, இடையே சிறிது தொலைவு ஓட்டி ஆறவிட்டு, இதனைப் பத்து முறை அளவில் திரும்பச் செய்வது வழக்கம். பேட் சூடாக இருக்கையில் மிதியை அழுத்தியபடி நிற்கக் கூடாது. உராய்வுப் பொருள் வட்டில் திட்டாகப் படிந்து பின்னர் நடுக்கத்தை உண்டாக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குத் திடீர் நிறுத்தங்களைத் தவிர்ப்பது நல்லது. தயாரிப்பாளர்களின் முறைகள் வேறுபடுவதால் பேடுடன் வரும் குறிப்பே முதன்மையானது. பழக்கும் காலத்து மெல்லிய ஒலி பொறுக்கத்தக்கது. அதன் பின்னும் நீடித்தால் மீண்டும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஓட்டுவதை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றில் ஒன்று தென்பட்டாலும், ஒலி சிறியதாயினும், வண்டியை ஓட்டாமல் தகுந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

• மிதி தளர்வாக இருத்தல், அல்லது தரைவரை இறங்குதல்
• இரும்பு இரும்பில் அறுக்கும் ஓசை
• பிரேக் பிடிக்கும்போது வலுவான தட்டொலி
• பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிதல், பிரேக் ஆயில் கசிதல்
• வண்டி ஒரு பக்கம் இழுத்தல், சக்கரத்திலிருந்து தீய்ந்த மணம் அல்லது புகை வருதல்

பாதுகாப்பு

புதிய பேடுக்கு இடம் விட, பிஸ்டனை உள்ளே தள்ளுவது வழக்கம். வேலை முடிந்ததும் பிஸ்டன் மீண்டும் பேடைத் தொடும் வரை மிதியைப் பலமுறை அழுத்த வேண்டும். இதனைச் செய்யாமல் வண்டியை நகர்த்தினால் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது. கைபிரேக் இணைந்த பின்சக்கரக் காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைத் திருகியே உட்செலுத்த வேண்டும். மின் கைபிரேக் உள்ள வண்டிகளில் முதலில் அதனைப் பராமரிப்பு நிலைக்கு மாற்ற வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியில் வேலை செய்யக் கூடாது. உறுதியான தாங்கிகள் தேவை. காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பிரேக் தூசைக் காற்றால் ஊதக் கூடாது. பழைய வண்டிகளின் பேட்களிலும் லைனிங்குகளிலும் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் ஈரத்துணியாலோ பிரேக் தூய்மைத் திரவத்தாலோ துடைப்பதே முறை.

தவறான கருத்துகள்

கிறீச்சொலியை நிறுத்த வட்டில் எண்ணெய் தெளிக்கலாம் என்னும் கருத்து உயிருக்கே ஆபத்தானது. ஒலியோடு பிரேக்கும் போய்விடும். மிதி துடித்தால் வட்டு வெப்பத்தால் வளைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆயினும் வட்டின் தடிமன் இடத்துக்கு இடம் வேறுபடுவதும், உராய்வுப் பொருள் திட்டாகப் படிவதுமே பெரும்பாலும் காரணங்களாகக் காணப்படுகின்றன. விலை மிகுந்த பேட் ஒலிக்காது என்பதும் சரியன்று. எஃகு இழை மிகுந்த பேட்கள் இயல்பாகவே சற்று மிகுதியாக ஒலிக்கும். பீங்கான் கலவையுள்ளவை பொதுவாக அமைதியானவை. எவ்வகைப் பேடாயினும், உலர்ந்த பின்னும் துருவேறிய பள்ளமும் அதனை ஒலிக்கச் செய்யும்.